சத்தமான ஜிம்மில் ஸ்குவாட் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: எனக்கு 33 வயது. வங்கி வேலை, கொளத்தூரில் வீடு. நாலு மாதமாக எடைப் பயிற்சி செய்கிறேன். முதல் மூன்று மாதம் எங்கள் தெருவில் மாடியில் இருக்கும் சின்ன ஜிம்முக்குப் போனேன். காலை ஆறு மணிக்கு நாலைந்து பேர்தான் இருப்போம், ஓரத்தில் ரேடியோ மெல்ல ஓடும். அங்கே ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, 45 கிலோவில் 5 ரெப் (தொடர்ந்து 5 தடவை) வந்தது. போன மாதம் அண்ணா நகரில் ஒரு பெரிய ஜிம்முக்கு மாறினேன். மாலை ஏழு மணி, ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி, காது கிழியும் குத்துப் பாட்டு, நிற்க இடமில்லாத கூட்டம். லெக் பிரஸும் (காலால் எடையைத் தள்ளும் மெஷின்) லாட் புல்டவுனும் (மேலிருந்து எடையைக் கீழே இழுக்கும் மெஷின்) வாரா வாரம் ஏறுகின்றன. ஸ்குவாட் மட்டும் 40 கிலோவிலேயே மூன்றாவது ரெப்பில் தடுமாறுகிறது. "ஹெட்போன் போட்டு உனக்குப் பிடிச்ச பாட்டைக் கேளுக்கா, பத்து கிலோ கூடும்" என்கிறான் தம்பி. வீட்டுக்கு வந்தபின் கொஞ்ச நேரம் காதில் ஒரு இரைச்சல் வேறு. பழைய ஜிம்முக்கே போய்விடலாமா?

பதில்: பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ராடைப் பற்றிப் பேசிவிடலாம். தெரு ஜிம்களில் இருக்கும் ராடு பெரும்பாலும் ஓர் அங்குலத் தடிமன் உள்ள, முனை வரை ஒரே கனமான இரும்புக் கம்பி. அந்தக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ வரும். அதாவது 5 அடி ராடு சுமார் 6 கிலோ, 7 அடி ராடு எட்டரை கிலோ. ஆனால் எல்லோரும் அதை 20 கிலோ என்றே கணக்கு வைப்பார்கள். பெரிய ஜிம்மில் ஸ்குவாட் ரேக்கில் (ராடைத் தாங்கும் இரும்புச் சட்டம்) இருப்பது ஒலிம்பிக் ராடு: 2.2 மீட்டர் நீளம், பிளேட் (எடைத் தட்டு) மாட்டும் முனை 50 மில்லிமீட்டர் தடிமன், தனியாகச் சுழலும். அது உண்மையிலேயே 20 கிலோ.

உங்கள் 45 என்பது "ராடு 20, பக்கத்துக்கு 12.5" என்று போட்ட கணக்கானால், 6 அடி ராடில் நீங்கள் தூக்கியது 32 கிலோதான். இப்போது 40 கிலோவில் மூன்று ரெப் வருகிறதென்றால் நீங்கள் பின்னால் போகவில்லை, நன்றாகவே முன்னேறியிருக்கிறீர்கள். ஊகிக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். பழைய ஜிம்மில் எடை பார்க்கும் மெஷின் இருக்கும். முதலில் வெறுமனே ஏறி நில்லுங்கள், பிறகு ராடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நில்லுங்கள், கழித்தால் விடை. அப்படியே இரண்டு பிளேட்டையும் நிறுத்துவிடுங்கள். பழைய இரும்பு பிளேட்டில் 10 என்று வார்த்திருந்தாலும் எடை முன்னே பின்னே இருப்பது உண்டு.

மெஷின் எண்களுக்கும் இதே எச்சரிக்கை. 45 டிகிரி சாய்ந்த லெக் பிரஸில் ஏற்றிய எடையில் சுமார் 70 சதவீதம்தான் காலுக்கு வரும். லாட் புல்டவுனில் கம்பி எத்தனை உருளை வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து அதே 30 கிலோ ஒரு ஜிம்மில் லேசாகவும் இன்னொன்றில் கனமாகவும் இருக்கும். ஜிம் விட்டு ஜிம் எண்களை ஒப்பிடாதீர்கள். ஒரே ஜிம்முக்குள் வாரா வாரம் ஏறுவது மட்டும் நிஜமான கணக்கு.

அந்த நிஜக் கணக்கில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. ஒரே கூடம், ஒரே பாட்டு, ஒரே கூட்டம். மெஷின் ஏறுகிறது, ஸ்குவாட் நிற்கிறது. ஏன்?

கூட்டத்தில் மனிதர்கள் எப்படிச் செயல்படுகிறார்கள் என்பது நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்ட விஷயம். தனியாக ஓட்டுவதைவிடப் பக்கத்தில் ஆள் இருந்தால் சைக்கிள் வீரர்கள் வேகமாக ஓட்டுவதை 1898ல் நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர் பதிவு செய்தார். ஆனால் அதற்குப் பின் வந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. சிலவற்றில் கூட்டம் உதவியது, சிலவற்றில் கெடுத்தது. 1965ல் உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் அந்த முடிச்சை அவிழ்த்தார். நன்றாகப் பழகிய வேலையைப் பார்வையாளர்கள் மேம்படுத்துகிறார்கள், இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் வேலையைக் கெடுக்கிறார்கள். ஆள் இருந்தால் உடல் முறுக்கேறுகிறது. அந்த முறுக்கு, எந்த அசைவு நமக்கு ஊறியிருக்கிறதோ அதைத்தான் முன்னே தள்ளும். ஊறியிருப்பது சரியான அசைவு என்றால் லாபம், தவறான அசைவு என்றால் தவறுதான் பெரிதாகும்.

லெக் பிரஸில் கற்க வேண்டியது மிகக் கொஞ்சம். பாதை மெஷினுடையது, நீங்கள் அழுத்தினால் போதும். அங்கே சத்தமும் கூட்டமும் உங்களுக்கு வேலை செய்கின்றன. ஸ்குவாட் அப்படியல்ல. ராடை முதுகில் சரியான இடத்தில் வைக்க வேண்டும், பின்னால் இரண்டு அடி எடுக்க வேண்டும், பாதத்தைத் திருப்ப வேண்டும், வயிறு முழுக்க மூச்சு இழுத்து இறுக்க வேண்டும், முழங்காலையும் இடுப்பையும் ஒன்றாக மடக்க வேண்டும், அடியில் தளராமல் எழ வேண்டும். நாலு மாதத்தில் இது யாருக்கும் முழுசாகக் கைவந்துவிடாது. ஒவ்வொரு ரெப்பிலும் இன்னும் யோசித்துத்தான் செய்கிறீர்கள். யோசிக்க வேண்டிய வேலையின் நடுவே காதில் இடியும் முதுகில் பத்துக் கண்ணும் விழுந்தால் ஏதோ ஒரு படி நழுவும்.

எது நழுவுகிறது என்று பார்க்க, போனைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் நிறுத்தி ஒரு செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்புகள்) வீடியோ எடுங்கள். சத்தமான ஜிம்மில் அதிகம் கெடுவது மூச்சு. முதல் ரெப்புக்கு நன்றாக இழுத்திருப்பீர்கள். இரண்டாவதுக்குப் பாதி. மூன்றாவதுக்கு இழுக்காமலே இறங்கியிருப்பீர்கள். மூன்றாவது ரெப்பில் தடுமாறுகிறது என்று நீங்களே எழுதியிருப்பது இதனோடு பொருந்துகிறது. வயிற்றில் இறுக்கம் போனால் அடியில் மார்பு முன்னால் சாயும், எடை குதிகாலிலிருந்து முன்பாதத்துக்குப் போகும், எழுந்திருக்க இரு மடங்கு பாடு. ஒவ்வொரு ரெப்புக்கும் மேலே நின்று முழு மூச்சு இழுத்த பிறகே இறங்குங்கள். ஒரு ரெப்புக்கு இரண்டு வினாடி கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

அடுத்தது இறங்கும் வேகம். வேகமான தாளம் ஓடும்போது உடல் தன்னையறியாமல் அதோடு சேரும். நடைக்கும் ஓட்டத்துக்கும் அது நல்லது. ஸ்குவாட்டில் தாளத்துக்கு இறங்கினால் அடியில் பொத்தென்று விழுவீர்கள். இறங்க இரண்டு வினாடி என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு போங்கள். கண்ணாடியும் ஒரு தொல்லை. பின்னால் யார் நடக்கிறார்கள் என்று பார்வை ஓடும், தலை திரும்பும், தோளும் கூடவே திரும்பும். கண்ணாடியில் ஒரே புள்ளியைப் பாருங்கள், அல்லது மூன்று நான்கு மீட்டர் முன்னே தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள். சுவரைப் பார்த்த ரேக் ஒன்று இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தால் வரும் இன்னொரு நஷ்டத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அது ஓய்வு நேரம். பக்கத்தில் ஒருவர் கை கட்டி நின்றால் மூன்று நிமிட ஓய்வு ஒன்றரை நிமிடமாகச் சுருங்கும். வலிமைக்கான செட்டுகளில் இந்தச் சுருக்கம் நேரடியாக ரெப்பைத் தின்னும். வாரக்கணக்கில் செய்தால் வளர்ச்சியையும் தின்னும். கனமான ஸ்குவாட்டுக்கு மூன்று நிமிடம் என்பது சோம்பலில்லை, பயிற்சியின் பகுதி. காத்திருப்பவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "இன்னும் ரெண்டு செட்டுண்ணா, மாத்தி மாத்திப் போடலாமா?" பிளேட் மாற்றும் நேரத்தோடு உங்கள் மூன்று நிமிடமும் நியாயமாகக் கிடைத்துவிடும்.

இப்போது பாட்டு. 2020ல் பீட்டர் டெர்ரி, காஸ்டாஸ் காராகியார்கிஸ் குழுவினர் உடற்பயிற்சியில் இசை பற்றிய 139 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். இசையால் அதிகம் மாறுவது மனநிலை, பயிற்சி இனிமையாகிறது. களைப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது, செயல்திறன் கொஞ்சம் கூடுகிறது. இதயத் துடிப்பில் சொல்லும்படியான மாற்றமில்லை. எடைப் பயிற்சியில் இந்தக் "கொஞ்சம்" எங்கே விழுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. பெஞ்ச் பிரஸில், அதாவது பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளுவதில், தாங்களே தேர்ந்த பாட்டோடு செய்து பார்த்தபோது, ஒரே ஒரு தடவை தூக்கும் உச்ச எடை கூடவில்லை. குறைந்த எடையை இனி முடியாது என்னும் வரை செய்யும்போது ரெப் எண்ணிக்கை கூடியது. காரணம் எளிது. மிதமான எடையில் களைப்பு மெல்ல ஏறுகிறது, அந்த இடைவெளியில் கவனத்தைப் பாட்டு பிடித்துக்கொள்ள முடியும். உச்ச எடையில் உடல் அனுப்பும் செய்தியே கவனம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, பாட்டுக்கு அங்கே இடமில்லை.

ஆகவே தம்பி சொன்ன பத்து கிலோ நடக்காது. 40 கிலோவில் பத்து என்பது கால்பங்கு. எந்தப் பாட்டும் அதைத் தராது. ஆனால் லெக் பிரஸின் கடைசி செட்டில் 12ஐ 13 ஆக்கவும், அலுவலகம் முடிந்து சோர்ந்து வரும் மாலையில் ஜிம் வாசலை மிதிக்க வைக்கவும் பாட்டால் முடியும். என் கணிப்பில் இந்த இரண்டாவதுதான் பெரிய பலன். வாரத்தில் மூன்று நாள் தவறாமல் வருவது எந்தத் தாளத்தையும்விட உங்கள் வலிமையைக் கூட்டும்.

எந்தப் பாட்டு என்றால், உங்களுக்குப் பிடித்தது. ஜிம் ஸ்பீக்கரில் ஓடுவது உங்களுக்கு எரிச்சல் தந்தால் அதன் வேகம் எவ்வளவு இருந்தும் பயன் குறைவு. வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு என்பது உடற்பயிற்சிக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவு. தாள வேகம் காட்டும் ஆப் சொல்லும் எண்ணை நம் குத்துப் பாட்டுக்கு அப்படியே நம்பாதீர்கள். குத்து தாளத்தில் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று சின்ன அடிகள் ஓடும், ஆப் சிலசமயம் அந்தச் சின்ன அடிகளைப் பிடித்துக்கொண்டு தவறான வேகம் காட்டும். கால் தானாகத் தரையைத் தட்டும் இடங்களை மட்டும் 15 வினாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். 30 தட்டு வந்தால் 120.

இதையெல்லாம் உங்கள் ஏழு மணிக் கூட்டத்துக்குள் எப்படிப் பொருத்துவது? ஸ்குவாட்டை முதலில் வையுங்கள், அதுவும் பாட்டு கேட்டபடி அல்ல. வெறும் ராடில் 8 ரெப், பிறகு 30 கிலோவில் 5, பிறகு 35ல் 3. அதன்பின் வேலை செட்டுகள், அதாவது அன்றைய நிஜமான எடையில் செய்பவை: அடுத்த இரண்டு வாரத்துக்கு 37.5 கிலோவில் 4 ரெப் வீதம் நாலு செட். இதற்குப் பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட் வேண்டும், அது உங்கள் ஜிம்மில் இல்லையென்றால் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தடுமாற்றமில்லாத ரெப்புகளைச் சேர்ப்பதுதான் இப்போதைய வேலை, அதனால்தான் எடையைச் சற்றுக் குறைத்திருக்கிறேன். ஓய்வில் உட்காரும்போது ஹெட்போனில் பாட்டு ஓடட்டும். நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் நாலு, நாலரை நிமிடம். பல்லவி, முதல் சரணம் தாண்டி இரண்டாம் சரணம் தொடங்கும்போது ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அப்போது எழுந்து, பாட்டை நிறுத்தி, ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு ராடுக்குப் போங்கள். பாட்டு தந்த உற்சாகம் அந்தச் சில நொடிகளில் மறைந்துவிடாது. காது மட்டும் உங்கள் மூச்சுக்கும் பின்னால் நிற்பவர் குரலுக்கும் திறந்திருக்கும்.

குரல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெளிச்சத்தத்தை முழுக்க அடைக்கும் ஹெட்போனோடு கனமான ஸ்குவாட்டோ பெஞ்ச் பிரஸோ செய்யக்கூடாது. "ஏறாது, வைச்சிடுங்க" என்று ஸ்பாட்டர் (பின்னால் நின்று எடையைத் தாங்க உதவுபவர்) கத்துவது கேட்காமல் போனால் அவர் தொடும் கணத்தில் நீங்கள் பதறுவீர்கள். ஒயருள்ள இயர்போன் ராடுக்கும் தோளுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், அதுவும் வேண்டாம். ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை, நீங்கள் அடியில் இருக்கும்போது ராடு நிற்கும் உயரத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வையுங்கள். வெறும் ராடோடு இறங்கிப் பார்த்து அளவெடுங்கள். எழ முடியாவிட்டால் அப்படியே உட்கார்ந்து ராடைக் கம்பியில் விட்டுவிடலாம் என்ற தைரியம் வந்தாலே பாதித் தடுமாற்றம் குறையும்.

ஸ்குவாட் முடிந்தபின் லெக் பிரஸ், புல்டவுன், மற்ற மெஷின்களுக்கு எந்தப் பாட்டையும் ஓட விடுங்கள். அந்தக் கூடத்தின் கூச்சல்கூட அங்கே உங்கள் பக்கம்தான்.

ஆனால் காது இரைச்சலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 100க்கு 15 நிமிடம்தான். போனில் ஒலி அளக்கும் ஆப் துல்லியமாக இராவிட்டாலும் ஒரு மதிப்பீட்டுக்குப் போதும். ஆப் இல்லாமலும் தெரியும். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். ஸ்பீக்கர் சத்தத்தை மூழ்கடிக்க ஹெட்போனில் அதைவிடச் சத்தமாக வைப்பது இருக்கும் வழிகளிலேயே மோசமானது. நுனியில் ரப்பர் உள்ள, காதை நன்றாக மூடும் இயர்போன் என்றால் குறைந்த ஒலியே போதும். மெஷின் நேரத்துக்கு அது சரி. ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருக்கும் மெஷினைத் தவிருங்கள். நிர்வாகத்திடம் "பாட்டை நிறுத்துங்க" என்று கேட்காதீர்கள், நடக்காது. "ரேக் பக்கம் இருக்கிற ஸ்பீக்கரை மட்டும் குறைங்க" என்று கேளுங்கள், பல இடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம் உண்டு. இதற்கெல்லாம் பிறகும் இரைச்சல் மறுநாள் வரை நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

ஏசி நல்லதுதான். பயிற்சிக் கூடத்துக்குச் சொல்லப்படும் வெப்பம் 20 முதல் 22 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள். தகரக் கூரை மாடி ஜிம்மில் மே மாதம் இதைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வண்டியில் வியர்த்து நனைந்து வந்து அதே சட்டையோடு ஏசிக்கு நேராக நின்றால் உடம்பு விறைக்கும். சட்டையை மாற்றிவிட்டு எட்டு நிமிடம் வேக நடையோ சைக்கிளோ செய்யுங்கள். மாலை நேரத்தில் உடல் வெப்பம் காலையைவிடக் கூடுதலாக இருப்பதால் வலிமை சற்று நன்றாகவே இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் பசியையும் கேளுங்கள். ஒரு மணிக்குச் சாப்பிட்டு ஏழுக்கு ஸ்குவாட் என்றால் இடையில் ஆறு மணி நேரம். ஐந்தரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு வாழைப்பழமும் வையுங்கள். அதற்குப் பதில் ஃபில்டர் காபி குடித்துச் சமாளிக்காதீர்கள். குடித்த காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும், கெடுவது அன்றிரவுத் தூக்கம்.

கேட்காமலே வந்து திருத்தம் சொல்பவர்களும் பெரிய ஜிம் சூழலின் ஒரு பகுதி. பெண்களுக்கு அது கூடுதலாகவே நடக்கிறது. ராடு தோளில் இருக்கும்போது யாருக்கும் பதில் சொல்லாதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள். ரேக்கில் வைத்தபின் "டிரெய்னர் சொன்னபடி செய்யறேண்ணா" என்று முடித்துவிடுங்கள். அது தொடர்ந்தாலோ, யாராவது முறைத்துக்கொண்டே நின்றாலோ, டிரெய்னரிடம் சொல்லி ஸ்குவாட் நேரத்தில் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நிம்மதியாகப் பயிற்சி செய்ய விடுவது ஜிம்மின் பொறுப்பு, நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

பழைய ஜிம்முக்கே திரும்ப வேண்டாம் என்பது என் பதில். நல்ல ராடும் ரேக்கும் பாதுகாப்புக் கம்பியும் இருக்கும் இடத்தை விடக்கூடாது. முடிந்தால் வாரத்தில் ஒரு ஸ்குவாட் நாளை மட்டும் சனி அல்லது ஞாயிறு மதியத்துக்கு, கூட்டமில்லாத நேரத்துக்கு மாற்றுங்கள். ஒரு நோட்டில் தேதி, எடை, ரெப், ஓய்வு நிமிடம், அன்றைய கூட்டமும் சத்தமும் எப்படி என்று எழுதுங்கள். ஒரு நாள் ஒரு ரெப் கூடியதும் குறைந்ததும் கணக்கில்லை. நாலு வாரம் சேர்ந்த பிறகு, அமைதியான நாளுக்கும் சத்தமான நாளுக்கும் நடுவே இரண்டு ரெப்போ அதற்கு மேலோ தொடர்ந்து வித்தியாசம் இருந்தால், அசைவு இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். மூன்றாம் வாரத்திலிருந்து எடையை 40க்குக் கொண்டுவரலாம், வீடியோவில் கடைசி ரெப்பும் முதல் ரெப் போலவே தெரிந்தால் மட்டும்.

ஐந்தாம் வாரம், சத்தமான ஏழு மணி நாளில், நாலு செட்டில் ஒன்றை வேண்டுமென்றே ஆள் பார்க்கும் ரேக்கில் செய்யுங்கள். அடுத்த வாரம் இரண்டு. பவர்லிஃப்டிங் (உச்ச எடை தூக்கும்) போட்டியில் உங்களுக்கு என்றாவது ஆசை வந்தால் இந்தப் பழக்கம் அப்படியே பயன்படும். ராடு தயாரானதும் ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும், நடுவர் "ஸ்குவாட்" என்றதும் இறங்க வேண்டும், "ரேக்" என்ற பிறகே வைக்க வேண்டும், அதுவும் முழு அரங்கமும் கத்திக்கொண்டிருக்கும்போது. ஆசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சத்தமான நாளில் நாலு செட்டும் 40 கிலோவில் மூச்சு நழுவாமல் முடிந்த அன்று, அடுத்த முறைக்குப் பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றுங்கள்.